பல்லும் புல்லும்

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பவர்களைப் பற்றி நம் முன்னோர் பழமொழி சொல்லி வைத்தார்கள். கொள்ளேகாலிலும் மைசூரிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில், பிள்ளைகளுக்காக முயல் வாங்கி வளர்ப்போர் இன்று சாதிப்பவை வேறு இரண்டு. முயலுக்குக் காரட்தான் உணவு என்பது ஒன்று. தாடையில் கட்டி கிளம்பினால் கீறிவிட்டால் போதும், ஆறிவிடும் என்பது மற்றொன்று. இரண்டும் தவறு. முதல் தவறுதான் பல வீடுகளில் இரண்டாவதற்கு வழி வகுக்கிறது.

சங்க இதழில் முயலுக்கு என்ன இடம் என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். பிழைப்புக்காக வந்த ஊரில் நம்மில் பெரும்பாலோர் குடியிருப்பது வாடகை வீட்டில். நாய் வளர்க்க வீட்டுக்காரர் சம்மதிக்க மாட்டார். ஊரில் தாத்தா வீட்டுத் தொழுவத்தில் ஆட்டுக்குட்டியோடு விளையாடிய பிள்ளை இங்கே வந்து ஏங்குகிறது. சந்தையில் கூண்டோடு விற்கும் வெள்ளை முயல் குரைப்பதில்லை, கத்துவதில்லை. எனவே வீட்டுக்குள் வந்துவிடுகிறது. நன்றாகப் பராமரித்தால் எட்டுப் பத்து ஆண்டுகள் வாழக்கூடிய உயிர் அது. அந்தக் குரலின்மைதான் அதற்குக் கேடாகவும் முடிகிறது. வேட்டையாடப்படும் இனமாகையால் வலியை வெளியே காட்டாமல் மறைப்பது அதன் இயல்பு. தீவனத்தை அறவே விட்டுவிட்ட பிறகுதான் நமக்கு விஷயம் தெரியவருகிறது.

முயலின் வாயைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். மொத்தம் 28 பற்கள். முன்னால் தெரியும் மேற்பற்கள் இரண்டுக்கும் பின்னால் இன்னும் இரண்டு சிறு பற்கள் ஒளிந்திருக்கின்றன. எலியும் அணிலும் வேறு இனம், முயல் வேறு இனம் என்று பிரித்துக் காட்டுவதே இந்த ஒளிந்த பற்கள்தாம். கன்னத்துக்குள் இருக்கும் அரைக்கும் பற்கள் 22. அவற்றை நாம் வெளியிலிருந்து பார்க்க முடியாது. இத்தனை பற்களும் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பற்கள் வாரத்துக்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் வளர்கின்றன. வளர்வதற்கு ஈடாகத் தேய்ந்தாக வேண்டும். தேய்ப்பது புல். புல்லில் மணற்சத்து உண்டு. அதை முயல் தாடையைப் பக்கவாட்டில் அசைத்து மணிக்கணக்கில் அரைக்கிறது. காரட், முட்டைக்கோசு, பிஸ்கட், கடையில் விற்கும் குச்சித் தீவனம் இவற்றை மேலும் கீழும் நொறுக்கி விழுங்கிவிடுகிறது. வயிறு நிறைகிறது, பல் தேய்வதில்லை.

தேயாத பல் இரண்டு பக்கமும் நீள்கிறது. வாய்க்குள் நீளும் முனை கூராகி நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கும். வேர்ப்பக்கம் நீள்வது தாடை எலும்பைக் குடைந்துகொண்டு போகும். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே இடைவெளி விழுந்து, அதில் தீவனத் துணுக்கும் கிருமியும் புகுந்து, வேரடியில் சீழ் கட்டுகிறது. வெயிலே படாத மூலையில் கூண்டை வைப்பதும் இதற்குத் துணைபோகிறது. சூரிய ஒளி இல்லாமல் அடைபட்ட முயலுக்கு வைட்டமின் டி குறைந்து, எலும்பும் பல்லும் உறுதி இழக்கலாம். பிறவியிலேயே தாடை குறுகிப் பிறந்த குட்டை இனங்களுக்கு இத்தொல்லை புல் தின்றாலும் வரக்கூடும். அது வளர்ப்பவர் குற்றமன்று.

இனிச் சிகிச்சைக்கு வருவோம். சொல்ல வேண்டியது இங்கேதான் அதிகம்.

நமக்கு உடம்பில் கட்டி வந்தால் பழுக்க வைத்து, கீறி, சீழை வெளியேற்றினால் ஆறுகிறது. மாட்டுக்கும் அப்படியே. முயலுக்கு அப்படியில்லை. சீழை நீர்க்கச் செய்யும் நொதி முயலின் வெள்ளணுக்களில் மிகக் குறைவு. ஆகவே அதன் சீழ் தண்ணீராக ஓடாது. பற்பசை போலக் கெட்டியாக இருக்கும். அதைச் சுற்றித் தடித்த உறை ஒன்று உருவாகிவிடும். உறைக்குள் இரத்த ஓட்டம் போதாததால், கொடுக்கும் மருந்தும் உள்ளே சரிவரச் சேர்வதில்லை. கீறிப் பிதுக்கினால் கொஞ்சம் வெளிவரும், கட்டி சுருங்கும், வீட்டார் மகிழ்வார்கள். நோய்ப்பட்ட பல்லும் அரித்த எலும்பும் உள்ளேயே இருக்கின்றன. சில வாரங்களில் அதே இடத்தில் முன்னைவிடப் பெரிதாகக் கிளம்பும். மறுபடியும் கீறல், மறுபடியும் ஊசி. மூன்றாம் நான்காம் முறை கீறுவதற்கு வைத்தியம் என்று பெயர் சூட்டுவது பொருந்தாது என்பது என் கருத்து. அது வதை.

முறையான சிகிச்சை எக்ஸ்ரேயில் தொடங்க வேண்டும். எந்தப் பல், எலும்பு எவ்வளவு அரித்திருக்கிறது என்று தெரியாமல் கத்தி எடுப்பது இருட்டில் ஊசி தேடுவது போன்றது. பிறகு மயக்கம் கொடுத்து, கட்டியை உறையோடு அகற்றி, நோய்ப்பட்ட பல்லைப் பிடுங்கி, செத்த எலும்பைச் சுரண்டி எடுக்க வேண்டும். சில மருத்துவர்கள் புண்ணின் ஓரத்தைத் தோலோடு தைத்து, வாயைத் திறந்தே வைத்து, உள்ளிருந்து ஆறிவரும்படி செய்கிறார்கள். வேறு சிலர் மருந்து கலந்த சிறு மணிகளைக் குழிக்குள் வைத்து மூடுகிறார்கள். அதன்பின் வாரக்கணக்கில் மருந்து, வலி தணிக்க மெலாக்சிகாம் போன்ற மருந்து, புண்ணைக் கழுவுதல். கழுவும் வேலை வீட்டாரைச் சேர்ந்தது. அதற்கு மனமும் நேரமும் உள்ள ஒருவர் வீட்டில் இல்லையென்றால் அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் அதைச் சொல்லிவிடுவது நல்லது.

மருந்து விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. இந்தக் கட்டுரையில் வேறொன்றும் நினைவில் நிற்காவிட்டாலும் இது நிற்கட்டும். வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்சிசிலின் மாத்திரையைப் பொடித்து முயலுக்குப் புகட்டாதீர்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஆம்பிசிலின், கிளிண்டாமைசின் இவையும் அப்படியே. வாய்வழி கொடுத்தால் முயலின் குடலில் செரிமானத்துக்கு உதவும் நல்ல நுண்ணுயிர்கள் மடிந்து, நச்சுக் கிருமி பெருகி, கழிச்சல் கண்டு சில நாட்களில் முயல் இறந்துபோகக்கூடும். குழந்தைக்குக் கொடுக்கும் மருந்துதானே என்ற எண்ணம் இங்கே உதவாது. பென்சிலின் வகையையே மருத்துவர் சிலர் ஊசியாகத் தோலடியில் போடுவதுண்டு. அது வேறு, வாய்வழி கொடுப்பது வேறு.

எந்தக் கிருமி என்பதிலும் பழைய எண்ணம் மாறியிருக்கிறது. பாஸ்டுரெல்லா என்ற கிருமியே காரணம் என்று நெடுநாள் நம்பப்பட்டது. 2002இல் அமெரிக்காவில் முயல்களின் தாடைச் சீழைச் சோதித்து வெளியிட்ட ஆய்வில், காற்றில்லாத இடத்தில் வாழும் கிருமிகளே மிகுந்திருந்தன. மனிதரின் ஈறு நோயில் காணும் கிருமிகளின் உறவினர் அவை. அவற்றுக்கு மெட்ரோனிடசோல் போன்ற மருந்துகள் ஏற்றவை. வழக்கமாக எழுதித்தரும் என்ரோஃப்ளாக்சசின் மட்டும் அவற்றிடம் அதிகம் செல்லாது. மருத்துவருக்கு நாம் பாடம் நடத்த வேண்டியதில்லை. "சீழைச் சோதனைக்கு அனுப்பலாமா ஐயா?" என்று கேட்பதில் தவறுமில்லை.

கொள்ளேகாலில் இருக்கும் நமக்கு இன்னொரு கேள்வி, எங்கே கொண்டுபோவது என்பது. தாலூகாவிலுள்ள பசு ஆஸ்பத்திரிகள் மாட்டையும் ஆட்டையும் நம்பி வாழும் ஊர்களுக்காக ஏற்பட்டவை. முயலின் கடைவாய்ப் பல்லில் கைதேர்ந்தவர் முயற்கொம்புதான். அதற்காக அவர்களைக் குறை சொல்வது நியாயமாகாது. முதலில் அவர்களிடமே காட்டி, அவர்கள் வழிகாட்டினால் மைசூருக்குப் போகலாம். ஏறத்தாழ 60 கிலோமீட்டர். அங்கும் முடியாதென்றால் பெங்களூரு ஹெப்பாளத்தில் 1958இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பயணத்தை விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள். முயலுக்கு வெப்பம் ஆகாது. கூடையில் புல் இருக்கட்டும். அறுவைக்கு முன் நாயைப் பட்டினி போடுவது போல முயலைப் போடக்கூடாது. முயலுக்கு வாந்தியே வராது. அதன் குடல் ஓயாமல் இயங்க வேண்டும். அரை நாள் தின்னாமல் கிடந்தாலே அவசரம் என்று கொள்ளுங்கள்.

மயக்க மருந்தில் அபாயம் உண்டு என்பதையும் மறைப்பதற்கில்லை. 2008இல் பிரிட்டனில் வெளியான பெரிய கணக்கெடுப்பில், மயக்கம் கொடுத்த நாய்களில் நூற்றுக்கு 0.17 இறந்தன, முயல்களில் 1.39. ஏறத்தாழ எட்டு மடங்கு. ஆயினும் நூற்றில் 98க்கு மேல் பிழைத்தன என்றும் அதைப் படிக்கலாம்.

"ஒரு முயலுக்கா இவ்வளவு செலவு? அந்தக் காசில் நாலு முயல் வாங்கலாமே" என்று பெரியவர்கள் சொல்வது என் காதில் விழாமலில்லை. கணக்கு சரிதான். வசதியில்லாத குடும்பத்தைக் கடன் வாங்கி அறுவை செய்யச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் செய்தால் முறையாகச் செய்ய வேண்டும். முடியாதென்றால் மருத்துவரிடம் சொல்லி வலியின்றி அதை உறங்கச் செய்துவிடலாம். கண்ணுக்குப் பின்னே சீழ் கட்டி விழி பிதுங்கிய நிலையிலும், இரு தாடையும் அரித்துப்போன நிலையிலும் பெரும்பாலும் அதுவே கருணை. இரண்டுக்கும் நடுவில், கூண்டின் மூலையில் எச்சில் வழிய உட்கார வைத்து, "சாமி விட்ட வழி" என்று மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பதைத்தான் ஏற்க முடியவில்லை. பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்நிலைக்கு வராமல் காப்பது அவ்வளவு கடினமன்று. கொள்ளேகால் வட்டம் 1956 நவம்பர் 1 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. பிறகு மைசூர் மாவட்டம், 1997 முதல் சாமராஜநகர் மாவட்டம். மாவட்டம் மாறியதே தவிர மண் மாறவில்லை. புல்லும் அதே புல்தான். நாம் பல் என்பதைக் கன்னடத்தார் ஹல்லு என்கிறார்கள். நாம் புல் என்பது அவர்களுக்கு ஹுல்லு. இரண்டு மொழியிலும் இவை எத்தனை நெருக்கம் பாருங்கள்! ஆஸ்பத்திரியில் "மொலத ஹல்லினல்லி கீவு" என்றால் முயலின் பல்லில் சீழ் என்று புரிந்துகொள்வார்கள்.

தினமும் முயலின் உடம்பளவு புல், பச்சையாகவோ காய்ந்ததாகவோ, கூண்டில் கிடக்க வேண்டும். அறுகம்புல் மிக நன்று. சாலையோரத்துப் புகையும் பூச்சிமருந்தும் படாத இடமாகப் பார்த்து அறுக்க வேண்டும். பூசணம் பிடித்த புல் ஆகாது. இது பட்டு ஊர் ஆகையால் மல்பெரி இலை எளிதில் கிடைக்கும். முயல் அதை ஆவலோடு தின்னும். இலை நல்ல உணவே. ஆனால் மென்மையானது, புல்லின் வேலையை அது செய்யாது. கொத்தமல்லி, முள்ளங்கிக் கீரை ஒரு கைப்பிடி போதும். காரட் மிட்டாய் மாதிரி. எப்போதாவது ஒரு துண்டு. காலை இளவெயிலில், நிழலும் அருகிலிருக்க, சற்று நேரம் உலவ விடுங்கள்.

வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். கீழ்த்தாடையின் ஓரமாக விரலை ஓட்டிப் பாருங்கள். மேடு தட்டினால் உடனே காட்ட வேண்டும். ஒரு கண்ணில் மட்டும் நீர் வடிவது, மோவாய் நனைந்திருப்பது, புல்லை ஒதுக்கி மென்மையானதை மட்டும் தேடுவது, புழுக்கை சிறுத்துப்போவது எல்லாம் முன்னறிவிப்புகள். முன்பல் நீண்டிருக்கிறதென்று நகவெட்டியால் வெட்டுவோர் உண்டு. பல் நெடுக விரிசல் கண்டு, அதன் வழியாகவே சீழ் இறங்கும். அதை மருத்துவர் அரவைக் கருவியால் தேய்ப்பதே முறை.

விற்பவருக்கும் பொறுப்பு உண்டு. செல்லப்பிராணிக் கடைகளுக்கென்று 2018இல் மத்திய அரசு விதிகள் வகுத்திருக்கிறது. முயலும் அவற்றுக்குள் அடங்கும். கடை நடத்த மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு பெற வேண்டும். சந்தை மூலையில் கூண்டை வைத்துக்கொண்டு "காரட் போடுங்க சார், போதும்" என்று விற்பவரிடம் பதிவு இருக்கிறதா என்று நாம் கேட்பதே இல்லை.

நம் சங்கம் ஆண்டுதோறும் பொங்கல் விழா எடுக்கிறது. கோலப்போட்டியும் உறியடியும் இருக்கட்டும். மாட்டுப் பொங்கலன்று ஒரு மணி நேரம் ஒதுக்கி, கால்நடை மருத்துவர் ஒருவரை அழைத்துப் பேசச் சொல்லலாம். பிள்ளைகள் தங்கள் முயல்களைக் கூடையில் கொண்டுவரட்டும். அவர் ஒவ்வொன்றின் தாடையையும் தடவிப் பார்த்துச் சொல்லட்டும். செயற்குழு அன்பர்கள் அடுத்த கூட்டத்திலேயே இதை எடுத்துக்கொண்டால், விழாவுக்குள் ஏற்பாடு செய்ய நாள் போதும்.