மேக்கப் பிரஷ் கழுவும் சாமான்: எதில் முதலைப் போடுவது?

முகூர்த்த மாதங்களில் மணப்பெண் அலங்காரம் செய்வோர் நம் கடைகளில் கேட்கும் புதுச் சரக்கு, மேக்கப் பிரஷ் கழுவும் சாதனம். பேட்டரியில் சுழலும் மெஷினில் கிடைக்கும் லாபம் கூடுதல்தான். எனினும் சிறு வணிகர் அதில் முதலை முடக்க வேண்டாம் என்பதே எமது கருத்து. பிரஷ் காம்பைப் பிடிக்கும் ரப்பர் வளையம் எல்லா அளவுக்கும் பொருந்துவதில்லை. வேகமாகச் சுற்றினால் மென்முடி விரிந்துபோகும். பழுதானால் பார்த்துத் தர ஆளில்லை. வாடிக்கையாளர் நம்மிடம்தான் வந்து நிற்பார்.

மேடுபள்ளம் வைத்த சிலிக்கான் தட்டில் கெட்டுப்போக ஒன்றுமில்லை. கூடவே ஒரு ஷாம்பு பாக்கெட். அது இல்லாத மளிகைக் கடை உண்டா? பாத்திரம் துலக்கும் திரவத்தை மட்டும் எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள், ஆட்டுமுடிப் பிரஷ் வறண்டுவிடும்.

கழுவியதை டம்ளரில் நிமிர்த்தி வைத்தால் நீர் உலோகப் பூணுக்குள் இறங்கிப் பசையை இளக்கும். பிறகு முடி கொட்டும். பழியோ விற்ற கடைக்கு! ஆகவே தலைகீழாகத் தொங்கவிடும் ஸ்டாண்டு சில வாங்கி வையுங்கள். அது வேண்டாம் என்பவரிடம், முடிப்பகுதி மேசை விளிம்புக்கு வெளியே நீட்டியிருக்கப் படுக்க வைக்கச் சொல்லுங்கள்.

வீட்டில் புழங்கும் பிரஷை 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை கழுவச் சொல்கிறது அமெரிக்கத் தோல் மருத்துவக் கழகம். அழகு நிலையத்தாரோ ஒவ்வொரு முகத்துக்குப் பிறகும் சுத்தம் செய்தாக வேண்டும். அவர்களுக்கு ஷாம்புவைச் சரம் சரமாகவே கொடுக்கலாம்.