படகு பின்வாங்கும் ரகசியம்

கோடியக்கரை என்றதும் நம் வாசகர்களில் பலருக்குப் பூங்குழலியின் ஞாபகம் வந்துவிடும். கல்கி படைத்த அந்த ஓடக்காரப் பெண் கடலில் படகு செலுத்துவதை யாரால் மறக்க முடியும்? ஆனால் ஒரு கேள்வி. துடுப்பால் அவள் எதைத் தள்ளினாள்? படகையா? இல்லை, தண்ணீரைத்தான் தள்ளினாள். அதுவும் பின்பக்கமாக! அப்படியானால் படகு முன்னால் போனது எப்படி?

பள்ளிக்கூடத்தில் 'உந்தம்' என்றும் 'உந்த அழிவின்மை விதி' என்றும் நெட்டுருப் போட்டது சிலருக்கு நினைவிருக்கலாம். மறந்திருந்தால் பாதகமில்லை. கடற்கரையில் சற்று நேரம் நின்றால் அந்த விதி தானாகவே கண்ணில் படும்.

வேதாரணியத்துக்குத் தெற்கே, சோழநாட்டுக் கடற்கரை மேற்கு நோக்கித் திரும்பும் முனையில் இருக்கிறது கோடியக்கரை. மீன் பருவத்தில் வெளியூர் மீனவர்களும் இங்கே வந்து தங்கித் தொழில் செய்வார்கள். படகுகள் கரை சேரும்போது கவனித்துப் பாருங்கள். பழகிய மீனவர் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் மெல்ல இறங்குவார். பழக்கமில்லாத ஆசாமியோ முன்பக்கமாக ஒரே தாவாகத் தாவுவார். படகு பின்னால் நழுவிவிடும். மனிதர் கரைக்கு ஒரு முழம் முன்பாகவே தண்ணீரில் விழுவார்! அப்புறம் பழியெல்லாம் படகின் மேல்தான்.

படகின் மேல் தப்பில்லை. கணக்கைப் பாருங்கள். ஒரு பொருளின் நிறையை அதன் வேகத்தால் பெருக்கினால் கிடைப்பதுதான் உந்தம். நியூட்டன் 1687-ல் வெளியிட்ட 'பிரின்ஸிபியா' என்ற நூலில் இதை 'இயக்கத்தின் அளவு' என்றே குறிப்பிடுகிறார். உந்தத்துக்குத் திசையும் உண்டு. முன்னால் போவதைக் கூட்டினால், பின்னால் போவதைக் கழிக்க வேண்டும். வெளியிலிருந்து யாரும் தள்ளவோ இழுக்கவோ செய்யாதவரை, கூட்டிக் கழித்து வரும் மொத்தம் மாறவே மாறாது. இதுதான் அந்த விதி.

நம் ஆசாமியின் நிறை 60 கிலோ, படகின் நிறை 300 கிலோ என்று வைத்துக்கொள்வோம். தாவுவதற்கு முன் இரண்டும் சும்மா நின்றன. ஆகவே மொத்த உந்தம் பூஜ்யம். அவர் விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் முன்னால் தாவினால் அவருடைய உந்தம் 120. மொத்தம் மீண்டும் பூஜ்யமாக வேண்டுமே! படகுக்குப் பின்பக்கமாக 120 வந்தாக வேண்டும். 120-ஐ 300-ஆல் வகுத்தால், படகு விநாடிக்கு 40 சென்டிமீட்டர் வீதம் பின்வாங்குகிறது. படகு இன்னும் சிறியதாக இருந்தால் இன்னும் வேகமாகப் பின்வாங்கும். பூங்குழலியின் துடுப்பு தண்ணீருக்குப் பின்பக்கமாக எவ்வளவு உந்தம் கொடுத்ததோ, அவ்வளவு உந்தம் முன்பக்கமாகப் படகுக்குக் கிடைத்தது.

இந்தக் கணக்கைப் படிக்காமலே தெரிந்துவைத்திருக்கும் ஜீவன்களும் இந்தக் கடலில் உண்டு. கணவாய் இருக்கிறதே, அது உடம்புக்குள் நீரை நிரப்பிக்கொண்டு, ஆபத்து வந்தால் ஒரு குழல் வழியாகப் பீச்சி அடிக்கும். நீர் ஒரு பக்கம் பாய, கணவாய் மறுபக்கம் பாய்ந்து தப்பிவிடும்.

ஆகாயத்தில் போகும் ராக்கெட்டும் கணவாயின் வழியைத்தான் பின்பற்றுகிறது. "ஆகாயத்தில் தள்ளுவதற்கு என்ன இருக்கிறது? காற்றுக்கூட இல்லையே!" என்று சந்தேகப்படுகிறீர்களா? பெரிய இடத்திலேயே இந்தச் சந்தேகம் எழுந்ததுண்டு. வெற்றுவெளியில் ராக்கெட் செல்லும் என்ற அமெரிக்க விஞ்ஞானி காடர்டை, 'நியூயார்க் டைம்ஸ்' 1920-ல் தலையங்கம் எழுதிக் கேலி செய்தது. 1969 ஜூலையில் மூன்று மனிதர்கள் சந்திரனை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது, அதே பத்திரிகை தன் பிழைக்கு வருத்தம் தெரிவித்தது! ராக்கெட் காற்றைத் தள்ளுவதில்லை. தன் வயிற்றில் எரியும் வாயுவையே பின்னால் தள்ளுகிறது. அந்த உந்தத்துக்கு ஈடானது ராக்கெட்டுக்கு முன்பக்கமாகக் கிடைக்கிறது. 2023 ஜூலை 14-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சந்திரயான்-3-ஐ ஏற்றிச் சென்ற ராக்கெட் கிளம்பும்போது சுமார் 640 டன் இருந்தது. சந்திரயானின் நிறையோ 4 டன்கூட இல்லை. மீதியில் பெரும் பகுதி பின்னால் தள்ளுவதற்காகவே கொண்டுபோன எரிபொருள்தான்.

இதுவரை சொன்னது வேடிக்கை. இனிச் சொல்லப்போவது வேடிக்கையல்ல; கை கால் சம்பந்தப்பட்ட விஷயம்.

வேகமாக வருவதைக் கண்டால் நாம் ஒதுங்கிக்கொள்கிறோம். மெதுவாக வருவதைக் கண்டு பயப்படுவதில்லை. 10 டன் விசைப்படகு ஒன்று துறையை நோக்கி விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் வருகிறது. இது நாம் நடக்கும் வேகத்தில் பாதிகூட இல்லை. 'மெதுவாகத்தானே வருகிறது' என்று காலை நீட்டித் தடுக்கப் பார்க்கிறார் ஒருவர். படகின் உந்தம் எவ்வளவு தெரியுமா? 10,000 கிலோவை அரையால் பெருக்கினால் 5,000! 60 கிலோ மனிதர் ஒருவர் விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடிவந்தால் அவருடைய உந்தம் 300தான். பதினாறு பேர் ஒன்றாக ஓடிவந்து மோதுவதைத் தடுக்க ஒற்றைக் காலை நீட்டுவாரா அவர்? அந்தப் படகை ஒரே விநாடியில் நிறுத்த வேண்டுமானால், சுமார் 500 கிலோ மூட்டையைத் தாங்கும் வலு வேண்டும். கால் படகுக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டினால் எலும்பு தாங்காது.

படகுகளின் பக்கங்களில் பழைய டயர்களைத் தொங்கவிட்டிருப்பது அழகுக்காக அல்ல. உந்தத்தை ஒரே நொடியில் பிடுங்கினால் அடி பலமாக விழும். சற்று நேரம் எடுத்துக்கொண்டு வாங்கினால் அடி குறையும். டயர் அமுங்கி அந்த நேரத்தைக் கொடுக்கிறது. கிரிக்கெட் ஆட்டக்காரர் கைகளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே பந்தைப் பிடிப்பதும் இதற்காகத்தான். கரை சேர்ந்த படகின் உந்தம் எங்கே போயிற்று என்கிறீர்களா? தண்ணீருக்கும் கரை வழியாகப் பூமிக்கும் போய்விட்டது. பூமி அவ்வளவு பெரியதாகையால் அது அசைந்தது நமக்குத் தெரிவதில்லை.

கோடியக்கரைக்குப் பக்கத்தில் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குக் குழந்தைகளோடு படகில் போகிறவர்கள் உண்டு. அவர்கள் மூன்று விஷயங்களை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். படகைக் கயிற்றால் கட்டிய பிறகே ஏறுங்கள், இறங்குங்கள். கட்டிய படகு பின்வாங்கப் பார்த்தால் கயிறு இழுத்துப் பிடிக்கும். தாவாமல், ஒரு காலைக் கரையில் நன்றாக ஊன்றிய பிறகு மறு காலை எடுங்கள். படகு துறையை நெருங்கும்போது குழந்தைகளின் கைகள் விளிம்புக்கு வெளியே நீளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் சோதித்துப் பார்க்க விரும்பும் குழந்தைகளுக்கு ஒரு பலூன் வாங்கிக் கொடுங்கள். ஊதி, வாயைக் கட்டாமல் விட்டுவிடச் சொல்லுங்கள். காற்று ஒரு பக்கம், பலூன் மறுபக்கம்! கணவாயும் ராக்கெட்டும் எப்படிப் போகின்றன என்று பிறகு நீங்கள் விளக்கவே வேண்டியதில்லை.