பெரிய காமிரா வேண்டாம், வெளிச்சமான லென்ஸ் போதும்

சித்தூரில் குமாஸ்தா வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் சென்ற வாரம் ஒரு கவருடன் வீட்டுக்கு வந்தார். உள்ளே இருபது படங்கள். திருப்பதியில் ஓர் உள்ளரங்கில் நடந்த பள்ளிப் போட்டியில் அவர் மகள் பாட்மிண்டன் ஆடி வென்றிருக்கிறாள். ஆனால் ஒரு படத்தில்கூடப் பெண்ணின் முகம் தெளிவாக இல்லை. மட்டை இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறப் புகைதான் இருந்தது.

"தவணையில் வாங்கிய காமிரா சார். இன்னும் விலை கூடியதாகப் பார்த்து வாங்கியிருக்க வேண்டும் போலிருக்கிறது" என்றார்.

வாங்க வேண்டாம் என்றேன். ஊரை விட்டு வந்து, சம்பளத்தில் மிச்சம் பிடித்து, பிள்ளைகளின் ஆட்டத்தைப் படமெடுத்து ஊரில் இருக்கும் தாத்தா பாட்டிக்கு அனுப்ப ஆசைப்படும் நம்மவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அதையே சொல்ல விரும்புகிறேன்.

குற்றம் காமிராவில் இல்லை. உள்ளரங்கின் வெளிச்சம் நம் கண்ணை ஏமாற்றுகிறது. விளக்குகளெல்லாம் எரியும்போது பட்டப்பகல் போலத் தோன்றும். உண்மையில் வெளியே அடிக்கும் வெயில் அதைவிட நூறு மடங்குக்கு மேல் பிரகாசமானது. கண் அதற்கேற்பப் பழகிக்கொள்கிறது. காமிராவுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. தானாக இயங்கும்படி விட்டால், வெளிச்சம் போதாதென்று ஷட்டரை நொடியில் 60-ல் ஒரு பங்கு நேரம் திறந்து வைத்துவிடும்.

அந்த நேரத்துக்குள் என்ன நடக்கும்? நாம் சடுகுடு என்றும் இங்குள்ளவர்கள் செடுகுடு என்றும் சொல்லும் கபடியை எடுத்துக்கொள்வோம். பாடிப் போகிறவரின் கை நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வீசினால், படத்தில் அது 8 சென்டிமீட்டர் இழுபட்டுவிடும். 500-ல் ஒரு பங்கு நேரம் வைத்தால் இழுப்பு 1 சென்டிமீட்டர்தான். பாட்மிண்டன் இன்னும் பொல்லாதது. நம் ஆந்திரத்து அமலாபுரத்தைச் சேர்ந்த சாத்விக் சாய்ராஜ் ராங்கிரெட்டி 2023-ல் ஜப்பானில் அடித்த அடியில் இறகுப்பந்து மணிக்கு 565 கிலோமீட்டர் வேகத்தில் பறந்து, கின்னஸ் சாதனையானது. அந்த வேகத்தில் 1,000-ல் ஒரு பங்கு நொடிக்குள்ளேயே பந்து 15 சென்டிமீட்டருக்கு மேல் போய்விடும். நம் பிள்ளைகளின் ஆட்டத்துக்கு 500 போதும். ஓங்கி அடிக்கும்போது 1,000 வேண்டும்.

ஷட்டர் இப்படிக் கண் இமைக்கும் நேரத்துக்குள் மூடிக்கொண்டால், அதற்குள் போதிய வெளிச்சம் உள்ளே வந்தாக வேண்டும். அங்கேதான் லென்ஸின் வேலை. நண்பரிடம் இருந்த ஜூம் லென்ஸைத் தூரத்துக்கு நீட்டினால் அதன் துவாரம் எஃப் 5.6 தான். எஃப் 1.8 என்று எழுதிய 50 மில்லிமீட்டர் லென்ஸ் அதைப்போல ஒன்பது மடங்குக்கு மேல் வெளிச்சம் வாங்கும். எண் குறையக் குறையத் துவாரம் பெரிது என்பதைக் கடைக்குப் போகுமுன் நினைவில் வையுங்கள். கடைக்காரர் எத்தனை மடங்கு ஜூம் என்பதைத்தான் முதலில் சொல்வார். நீங்கள் கேட்க வேண்டியது எஃப் எண்ணை.

'பத்திரிகைக்காரர்கள் நீண்ட லென்ஸ்தானே வைத்திருக்கிறார்கள்?' என்று கேட்கலாம். உண்மைதான். அவர்களுடைய 70-200 மில்லிமீட்டர் லென்ஸ், நீட்டினாலும் எஃப் 2.8-லேயே நிற்கும். பெரிய கம்பெனிகளின் அந்த லென்ஸ் விலை லட்சத்தைத் தாண்டும். அது அவர்களுக்குப் பிழைப்பு. நமக்கோ, அதில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகாத சாதாரண 50 மில்லிமீட்டர் லென்ஸ் போதும். பாட்மிண்டன் ஆடுகளத்தின் நீளமே 13.4 மீட்டர். ஓரமாக நிற்க அனுமதி கிடைத்தால் 50. கேலரியிலிருந்து எடுப்பதானால் 85 மில்லிமீட்டர், எஃப் 1.8. வாங்க வசதியில்லையா? கல்யாணப் படம் எடுப்பவர் யாராவது தெரிந்தவராக இருந்தால், ஒருநாள் வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள்.

இனி அமைப்பு. காமிராவைக் கைமுறைக்கு மாற்றி ஷட்டர் 500, துவாரம் எஃப் 2, ஐ.எஸ்.ஓ. 3200 என்று தொடங்குங்கள். படம் இருண்டிருந்தால் ஐ.எஸ்.ஓ.வை 6400 ஆக்குங்கள். ஷட்டரில் கை வைக்காதீர்கள். ஐ.எஸ்.ஓ. கூடினால் படத்தில் மணல் தூவினாற்போல் புள்ளி விழும். விழட்டும். புள்ளி விழுந்த படத்தில் மகளின் முகம் தெரியும். கலங்கிய படத்தில் யார் என்றே தெரியாது.

துவாரம் பெரிதாகும்போது ஒரு சங்கடமும் உண்டு. நான் சொன்ன தூரங்களில் தெளிவாக விழும் பகுதி முன்னும் பின்னுமாகச் சுமார் ஒரு மீட்டர்தான். ஆகவே ஆளைத் தொடர்ந்து போகும் போகஸ் முறையை வைத்து, நடுப்புள்ளியை ஆடுபவரின் மார்பில் நிறுத்துங்கள்.

குழல் விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிப்பதால் சில படங்கள் இருண்டும் நிறம் மாறியும் வரும். ஒன்றுக்கு நாலாக எடுத்துக்கொண்டால் நல்லது தேறும். புதிய காமிராக்கள் சிலவற்றில் இதைத் தடுக்கும் வசதியே இருக்கிறது. முகம் பச்சை பாய்ந்தால், அந்த விளக்கிலேயே ஒரு வெள்ளைத்தாளைக் காட்டி வெண்மையைச் சரிசெய்யுங்கள்.

பிளாஷ் வேண்டவே வேண்டாம். காமிராவோடு வரும் சிறிய பிளாஷ் தூரத்துக்கு எட்டாது. எட்டினாலும் ஆடுகிறவரின் கண்ணைக் கூசச் செய்யும். நம் படத்துக்காக இன்னொருவர் பிள்ளை ஒரு புள்ளியை இழப்பது நியாயமில்லை.

காமிராவே இல்லாமல் கைபேசி மட்டும் வைத்திருப்பவர்களுக்கும் இதே நியாயம்தான். விரலால் இழுத்துப் பெரிதாக்காதீர்கள். முதன்மை லென்ஸிலேயே வைத்துக்கொண்டு, காலால் நடந்து கிட்டப் போங்கள்.

போட்டி நடத்துபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆட்டத்துக்கு இடைஞ்சல் இல்லாத ஒரு மூலையைப் பெற்றோருக்கு ஒதுக்கிக் கொடுங்கள். பத்தடி கிட்டே நிற்க இடம் கிடைத்தால், ஏழைத் தகப்பனுக்குப் பெரிய லென்ஸ் மிச்சம்.

நண்பர் புதுக் காமிரா வாங்கவில்லை. இருக்கும் காமிராவுக்கு ஒரு 50 மில்லிமீட்டர் லென்ஸ் விசாரித்துக்கொண்டிருக்கிறார். மகளுக்கு அடுத்த போட்டி வரும். ஆனால் முதன்முதலாக வென்ற அந்த நாள் திரும்ப வராது. மற்றவர்களாவது முன்கூட்டியே விஷயம் தெரிந்துகொண்டு அரங்குக்குப் போகட்டும் என்பதற்காகவே இதை எழுதினேன்.