பரண்ல பழைய துப்பாக்கி இருக்கா? துரு எடுக்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

ஆபீஸ் தோழி ஒருத்திக்குச் சொந்த ஊர் குடகுல மடிக்கேரி பக்கம். "செப்டம்பர் 3 எங்க ஊர்ல கைல்போட் பண்டிகை, வந்தே ஆகணும்"னு கூப்பிட்டா. ரெண்டு நாள் முன்னாடியே லீவு போட்டுக் கிளம்பிட்டேன்.

கைல்போட் கிட்டத்தட்ட நம்ம ஆயுத பூஜை மாதிரிதான். வயல்ல நாற்று நட்டு முடிச்சதும், வீட்டு ஆயுதங்களைத் துடைச்சு, பூ வெச்சுக் கும்பிடுற நாள். கொடவர் வீடுகள்ல அந்த வரிசையில துப்பாக்கியும் உண்டு. அதுக்கு வைக்கிற பூவுக்குப் பேரே 'தோக் பூ'. தோக் என்றால் துப்பாக்கி. எடுத்துப் பார்த்தா... நம்ம செங்காந்தள்! தமிழ்நாட்டோட மாநில மலரேதான்.

தோழி வீட்டுத் துப்பாக்கி, அவளோட தாத்தாவுக்கும் தாத்தா காலத்துது. குழல் வாய் வழியா மருந்தைப் போட்டுக் கெட்டிக்கிற ஒற்றைக்குழல். பரண்ல பல வருஷம் கிடந்ததுல, குடகு மழை ஈரம் அதைச் செங்கல் நிறத்துக்கு மாத்தியிருந்தது. தோழியோட அண்ணன் உப்புத்தாளும் மண்ணெண்ணெயுமா உட்கார்ந்துட்டார். "குழலைக் கேஸ் அடுப்புல லேசா சூடு காட்டினா துரு சீக்கிரம் உதிரும்"னு ஏதோ வீடியோவுல பார்த்தாராம்.

தாத்தா வந்தவர் சட்டுனு அவர் கையைப் பிடிச்சுட்டார். "முதல்ல உள்ளே மருந்து இருக்கான்னு பார்த்தியா?"

ஒரு மெல்லிய மூங்கில் குச்சியைக் குழலுக்குள்ள மெதுவா விட்டார். அது நின்ன இடத்துல, குழல் வாய்ப் பக்கம் கரியால கோடு போட்டார். குச்சியை வெளியே எடுத்து, குழலோட மேல்பக்கமா வெச்சு அளந்தார். காலிக் குழல்னா குச்சி நுனி, நெருப்புப் போற துளை வரைக்கும் வரணும். நாலு விரல் தள்ளியே நின்னுடுச்சு.

உள்ளே இருக்கிறது குளவிக் கூடா, துருவா, இல்லை மருந்தா? யாரும் நோண்டிப் பார்க்கல. தாத்தா துப்பாக்கியை வெளித் திண்ணையில, வாய் மண் சுவரைப் பார்க்கிற மாதிரி வெச்சுட்டு, லைசென்ஸ் உள்ள துப்பாக்கி மெக்கானிக்கை வரவழைச்சார். அவர் எடுத்துப் போட்டது ஒரு பிடி கறுப்பு மருந்தும் ஈயக் குண்டுகளும். கருமருந்து எத்தனை வருஷம் கிடந்தாலும், காய்ஞ்சிருந்தா எரியும். அண்ணன் அடுப்பை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அப்புறம் ரொம்ப நேரம் பேசவே இல்லை.

உப்புத்தாள் ஏன் கூடாது?

சாயங்காலம் மெக்கானிக் சொன்னதெல்லாம் நம்ம வீட்டுப் பழைய வாள், அரிவாள், பாக்குவெட்டிக்கும் பொருந்தும்.

சிவப்புத் துரு பொருபொருன்னு இருக்கும். ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு இரும்பைத் தின்னுக்கிட்டே போகும். கறுப்பு நிற ஆக்ஸைடு அப்படியில்ல, இரும்போட ஒட்டிக்கிட்டு அதுக்குக் காவலா இருக்கும். அதனாலதான் அந்தக் காலக் கொல்லர்கள், வேணும்னே மெல்லிசா துரு பிடிக்க வெச்சு, கொதிக்கிற தண்ணியில போட்டுக் கறுப்பாக்கி, தேய்ச்சு, மறுபடி மறுபடி அதையே செஞ்சு குழலுக்கு அந்தக் கருநிறத்தை வரவழைச்சாங்க. உப்புத்தாள் போட்டா அந்தக் கறுப்பும் போயிடும். செஞ்சவங்க குத்தின முத்திரையும், சித்திர வேலையும் மழுங்கிடும். அப்புறம் அதுக்குப் பழம்பொருள்ங்கிற மதிப்பும் இல்லை.

எண்ணெய் தடவிச் சில நாள் ஊற விடணும். அப்புறம் ரொம்ப மெல்லிய ஸ்டீல் வுல்லால, எண்ணெய் ஈரத்தோடயே தேய்க்கணும். தடிச்ச துருவைச் செம்புத் தகடால சுரண்டலாம். செம்பு இரும்பைவிட மெதுவானது, அதனால கீறல் விழாது. மரக்கட்டைக்கு வார்னிஷ் வேண்டாம், ஆளி விதை எண்ணெயே போதும்.

"சுத்தம் பண்ணிட்டா சுடலாமா?"ன்னு கேட்டேன். "கூடவே கூடாது"ன்னார். துரு தின்ன குழலுக்குள்ள குழி குழியா இருக்கும். சுட்டா, குழல் வெடிச்சுச் சுடுறவர் கையையே கொண்டுபோயிடலாம்.

சட்டம் என்ன சொல்லுது?

இதைப் படிச்சுட்டு உங்க வீட்டுப் பரண்ல ஏறிடாதீங்க. கொடவர்களுக்குத் துப்பாக்கி லைசென்ஸ்ல இருந்து விலக்கு, ஆங்கிலேயர் காலத்துல இருந்தே உண்டு. நமக்கு அது கிடையாது.

1959-ம் வருட ஆயுதச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாம துப்பாக்கி வெச்சிருக்கிறது குற்றம். துப்பாக்கியைப் பழுது பார்க்கிற வேலைக்கும் தனி லைசென்ஸ் வேணும். 'ஓடாத பழைய துப்பாக்கிதானே'ன்னு விட முடியாது. பழுது பார்த்தாலும் சுடவே முடியாதுங்கிற நிலையில உள்ள பழம்பொருளுக்குத்தான் விலக்கு. சரி பண்ணினா சுடும்னா, அது சட்டத்துக்குத் துப்பாக்கிதான். தாத்தாவோட லைசென்ஸ் பேரனுக்குத் தானா வந்துடாது, முறையா விண்ணப்பிக்கணும்.

அதனால வீட்டை இடிக்கும்போதோ, பரண் ஒழிக்கும்போதோ துப்பாக்கி கிடைச்சா, குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்க. அதைத் தூக்காதீங்க, விசையை இழுத்துப் பார்க்காதீங்க. உள்ளூர் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்க. மத்ததை அவங்க பார்த்துப்பாங்க.

பண்டிகை அன்னிக்குத் தேங்காயைக் குறிபார்த்துச் சுடுற போட்டி நடந்துச்சு. அதுக்கு வேற துப்பாக்கி. பழைய ஒற்றைக்குழல் பளபளன்னு மின்னல, எண்ணெய் ஏறின கரும்பழுப்பு நிறத்துல பூஜை அறையில இருந்துச்சு. குழல் வாயில ஒரு செங்காந்தள். அதைச் செருகினது அண்ணன்தான். செருகுறதுக்கு முன்னாடி, மூங்கில் குச்சியை விட்டு இன்னொரு தடவை அளந்து பார்த்துக்கிட்டார்.