எது நமது பாரம்பரியம்?

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் அருகில், மேற்கு மலையடிவாரத்தை ஒட்டித் திருவண்ணாமலை என்று ஒரு சிறு குன்று இருக்கின்றது. வடக்கே கார்த்திகை தீபம் ஏற்றும் பெரிய திருவண்ணாமலை வேறு, இது வேறு. இந்தக் குன்றின்மேல் ஒரு பெருமாள் கோயில் கட்டி, அதற்குத் "தென் திருப்பதி" என்று பெயரும் சூட்டியிருக்கின்றார்கள். புரட்டாசி மாதத்துச் சனிக்கிழமைகளில் அங்கே ஜனங்கள் கூட்டங்கூட்டமாய்ப் போகின்றார்கள்.

கூட்டம் வருகின்றதென்றால் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். குடிதண்ணீர்த் தொட்டி, விளக்கு, தற்காலிகக் கக்கூசு, தனி பஸ், போலீசு பந்தோபஸ்து எல்லாம் வந்துவிடும். இவற்றை நாம் வேண்டாமென்று சொல்லவில்லை. வருகின்றவனும் மனிதன்தான், அவனுக்கும் தாகம் எடுக்கும். நாம் கேட்பதெல்லாம், நான்கைந்து நாள் வந்து போகின்றவனுக்குச் செய்ய முடிந்த காரியத்தை, வருஷம் 365 நாளும் அங்கேயே குடியிருந்து வரி கொடுக்கின்றவனுக்கு ஏன் செய்ய முடியவில்லை என்பதுதான். பணம் இல்லை என்றால் திருவிழாவுக்கு மாத்திரம் எங்கிருந்து வந்தது? ஆள் இல்லை என்றால் அன்றைக்கு மாத்திரம் எப்படிக் கிடைத்தார்கள்? ஆகவே குறை பணத்திலும் இல்லை, ஆளிலும் இல்லை. எது முக்கியம் என்று எண்ணும் எண்ணத்தில்தான் இருக்கின்றது.

நிற்க, இப்பொழுது எங்கு பார்த்தாலும் "பாரம்பரியத்தைக் காப்பாற்றவேண்டும்" என்ற பேச்சாயிருக்கின்றது. 2012-இல் தமிழ்நாட்டில் இதற்கென்று ஒரு கமிஷன் அமைக்கச் சட்டமும் செய்தார்கள். நல்லது. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் 11 நிலை கொண்டது. 1949-இல் ஏற்பட்ட அரசாங்க முத்திரையில் இருப்பதும் அந்தக் கோபுரமே என்று பெருமையாய்ச் சொல்லிக்கொள்ளுகின்றோம். அதை இடித்துவிடச் சொல்லுகின்ற பைத்தியக்காரர்களல்ல நாம். கல்லுடைத்தவன், சுண்ணாம்பு அரைத்தவன், சாரம் கட்டி ஏறியவன் இவர்களுடைய கைத்திறமைக்கு அது சாட்சி. ஆனால் அப்படி உழைத்தவனுடைய சந்ததிகள் கோயிலுக்குள் நுழைவதற்கு, சென்னை மாகாணத்தில் 1947-இல் ஒரு சட்டம் வேண்டியிருந்ததே, அந்தச் சங்கதியைக் கோபுரத்தின் பெருமையோடு சேர்த்துச் சொல்லுகின்றவர்கள் எத்தனை பேர்? கல்லைக் காப்பாற்றுவது வேறு; கல்லைச் சுற்றியிருந்த வழக்கத்தைக் காப்பாற்றுவது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாய்க் கட்டி நம் தலையில் வைப்பதில்தான் வைதீகர்களுடைய சாமர்த்தியம் இருக்கின்றது.

பாலக்காட்டுக் கல்பாத்தியைப் பாருங்கள். 1924-இல் தேர்த் திருவிழாவின்போது அங்குள்ள அக்கிரகாரத் தெருவில் நடந்த குற்றத்துக்காக ஈழவர்களை அடித்துத் துரத்தினார்கள். இன்று அதே தெரு பாரம்பரியக் கிராமம். திண்ணையும் தூணும் ஓடும் பத்திரமாய் இருக்கின்றன. அடிபட்டவனுடைய கதை அந்தத் திண்ணையில் எழுதப்பட்டிருக்கின்றதா என்றுதான் கேட்கின்றோம். இதற்கு மாறாக, வைக்கத்தில் தெருவில் நடக்கும் உரிமைக்காக 1924-25-இல் நடந்த போராட்டத்தின் நினைவாகப் பெரியாருக்கு ஏற்பட்டிருந்த நினைவிடத்தைப் புதுப்பித்து, 2024 டிசம்பர் 12-ந் தேதி இரண்டு ராஜ்ய முதல் மந்திரிகளும் சேர்ந்து திறந்துவைத்தார்கள். உரிமை கேட்டு நடந்த ஒரு தெருவும் பாரம்பரியந்தான் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா?

நம் பக்கத்திலேயே இப்படிப்பட்ட சொத்துக்கள் இல்லையா? ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் அக்காலத்தில் ராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்தவை. அந்த ஜில்லா போர்டுக்கு 1920-களின் கடைசியில் தலைவராயிருந்தவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்திரபாண்டியன். தாழ்த்தப்பட்டவர்களை ஏற்றிக்கொள்ள மறுக்கும் பஸ்களுக்கு லைசென்சு கிடையாது என்று உத்தரவு போட்டவர் அவர். 1929-இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மகாநாட்டுக்குத் தலைமை வகித்தவரும் அவரே. 1931-இல் மூன்றாவது மகாநாடு விருதுநகரிலேயே கூடிற்று. சென்னைப் பாண்டி பஜாரில் துணி வாங்குகின்றவர்களுக்கு அது யாருடைய பெயர் என்று தெரியாமலிருக்கலாம். ஆனால் இந்த ஜில்லாவில் பஸ் ஏறுகின்ற நமக்கே தெரியாமலிருப்பது நியாயமா? ஆண்டாள் சூடிக்கொடுத்த மாலையைப் பற்றிக் குழந்தைக்கும் சொல்லிக்கொடுக்கின்றோம். பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் உரிமை எப்படி வந்தது என்பதைப் பெரியவர்களுக்குக்கூடச் சொல்லுவதில்லை.

இன்னொரு பாரம்பரியமும் நம் தெருக்களில் இருக்கின்றது. அதுதான் ஜாதிப்பெயர். தெருப்பெயரில் ஜாதி கூடாதென்று எம்.ஜி.ஆர். ஆட்சியிலேயே சொல்லியாகிவிட்டது. மறுபடியும் 2025 அக்டோபரில் சர்க்கார் உத்தரவு போட நேர்ந்ததென்றால், இடையில் இத்தனை வருஷமும் பலகையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தவர்கள் யார்? உடனே "பழைய பெயரை மாற்றினால் சரித்திரம் போய்விடும்" என்று சிலருக்குத் துக்கம் வருகின்றது. சரித்திரம் புத்தகத்தில் இருக்கட்டும். ஒருவனுடைய வீட்டு விலாசத்தில் ஏன் இருக்கவேண்டும்? தபால்காரனுக்கு வழி தெரிய நம்பர் போதாதா?

ஆகவே தோழர்களே! நகரங்களில் பகுதி சபை கூட்டுவதற்கு 2022-இல் விதிகள் ஏற்பட்டிருக்கின்றன. கிராமங்களில் கிராமசபை கூடுகின்றது. நம்மில் பலர் அங்கே போவதில்லை. போகின்றவர்களிலும் சிலர் கும்பாபிஷேகத்துக்கு ரோடு கேட்டுவிட்டுத் திரும்பிவிடுகின்றார்கள். இனி நீங்கள் போய் நான்கு காரியங்களைக் கேளுங்கள். முதலாவது, சாக்கடையும் குழாயும் போடுவதை ஊரின் கடைசித் தெருவிலிருந்து தொடங்கவேண்டும். இரண்டாவது, கண்மாயையும் அதற்குத் தண்ணீர் வரும் கால்வாயையும் அளந்து, கல் நட்டு, பாரம்பரியம் என்று எழுதிவைக்கவேண்டும். மலைத் தண்ணீரைத் தேக்கி வயலுக்கு விடக் கற்றுக்கொண்ட அறிவு எந்தப் புராணத்துக்கும் குறைந்ததல்ல. மூன்றாவது, ஜாதிப்பெயர் கொண்ட பலகை ஒன்றுகூட இருக்கக்கூடாது. நான்காவது, ஊரில் பொதுக் கிணறும் பொதுத் தெருவும் பள்ளிக்கூடமும் எல்லோருக்கும் திறந்தது எப்போது, யாரால் என்று முதியவர்களைக் கேட்டு எழுதி, அந்த இடத்திலேயே ஒரு கல்வெட்டு வைக்கவேண்டும்.

கேட்டதை வாயால் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதச் செய்து, அதைப் படித்துப் பார்த்து, பிறகு கையெழுத்துப் போடுங்கள். அடுத்த கூட்டத்துக்கும் போய், "போன தடவை எழுதியது என்னவாயிற்று?" என்று கேளுங்கள்.

கோபுரம் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ளும் என்று பக்தர்கள் சொல்லுகின்றார்கள். ஆனாலும் அதற்குச் சர்க்கார் இலாகாவும், உண்டியலும், காவற்காரனும் இருக்கின்றார்கள். மனிதனுடைய மானத்துக்கு அப்படிப்பட்ட காவற்காரன் யாருமில்லை. அந்தக் காவலை நாமேதான் செய்தாகவேண்டும்.