ஓசையைப் பார்ப்பதா, பொருளைப் பார்ப்பதா?

மகவு பிறந்த இல்லத்தில் மகிழ்ச்சி நிலவ வேண்டும். ஆனால் அண்மையில் நான் சென்றிருந்த ஓர் அகீகா விருந்தில், நெய்ச்சோற்றின் மணத்தையும் மிஞ்சி நின்றது ஒரு வாக்குவாதம்.

பிறந்திருந்தது பெண் குழந்தை. அதன் தந்தை உருசியாவில் மருத்துவம் பயின்றவர். அங்கே கடுங்குளிரில் காய்ச்சல் கண்டு கிடந்த நாட்களில், அண்டை வீட்டு மூதாட்டி ஒருவர் பெற்ற தாயைப் போல் அவரைப் பேணியிருக்கிறார். அந்த அம்மையாரின் பெயரையே தம் மகளுக்குச் சூட்ட அவர் விரும்பினார். அப்பெயர் ‘வேரா’.

பாட்டியாரின் செவியில் அது ‘வேறா’ என்று விழுந்தது. “நம்மை விட்டு வேறாய்ப் போகப் பிறந்த பிள்ளையா இது?” என்று அவர் கண் கலங்கினார். “வெள்ளைக்காரப் பெயர் நமக்கு எதற்கு?” என்றார் ஒருவர். மற்றொருவர் அதற்கும் மேலே சென்று, “ஹராம்” என்றே தீர்ப்புக் கூறிவிட்டார். உள்ளறையில் பிள்ளையைப் பெற்றவள் அழுதுகொண்டிருந்தாள். 7-ஆம் நாளும் கழிந்தது, குழந்தைக்குப் பெயரில்லை.

அன்பார்ந்த வாசகர்களே! இத்தகைய காட்சியை நீங்களும் கண்டிருக்கக்கூடும். ஆகவே சற்று நிதானமாகச் சிந்திப்போம்.

அந்தக் கூட்டத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ கருத்துகளைச் சொன்னார்கள். ஆனால் அப்பெயரின் பொருள் யாது என்று ஒருவரும் கேட்கவில்லை. உருசிய மொழியில் ‘வேரா’ என்றால் நம்பிக்கை. இறைநம்பிக்கையைக் குறிக்கவும் அம்மொழியினர் அச்சொல்லையே ஆள்கின்றனர். நாம் ‘ஈமான்’ என்கிறோமே, அதுவே அது!

அரபு அல்லாத பெயர் என்பதனாலேயே ஒரு பெயர் விலக்கப்பட்டதாகிவிடுமா? இப்ராஹீம், இஸ்மாயீல், யூசுப், மர்யம் ஆகியவை அரபு மண்ணில் தோன்றிய பெயர்கள் அல்ல. அரபு இலக்கணம் கற்கப் புகும் மதரஸா மாணவருக்கும் இது தெரியும். இவற்றை வேற்றுமொழிப் பெயர்கள் என்றே இலக்கண ஆசிரியர்கள் வகுத்திருக்கின்றனர். எகிப்திலிருந்து வந்த மாரியா (ரலி) அவர்களின் பெயரை எண்ணிப் பாருங்கள். ஐரோப்பியப் பெண்டிரின் பெயரைப் போன்றே ஒலிக்கும் அதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மாற்றவில்லை. அந்த அம்மையார் பெற்றெடுத்த மகனுக்குத்தான் நாயகம் அவர்கள் இப்ராஹீம் என்று பெயரிட்டார்கள்.

நம் ஊர்களையே பாருங்கள். பர்வீன், ஷிரீன் ஆகியவை பாரசீகப் பெயர்கள். நம்முள் எத்தனையோ பேர் தாங்கியிருக்கும் ‘சிக்கந்தர்’ என்பது யாருடைய பெயர்? மாசிடோனிய மன்னர் அலெக்சாந்தரின் பெயரே பாரசீகர் நாவில் புரண்டு அவ்வாறாயிற்று. ஐரோப்பியப் பெயரொன்று பழகிப் பழகி நம் பெயராகிவிட்டது, அவ்வளவுதான்.

மறுபுறத்தையும் பாருங்கள். அரபு ஓசை இருந்தால் மட்டும் போதுமா? உமர் (ரலி) அவர்களின் மகளார் ஒருவருக்கு ‘ஆஸியா’ என்ற பெயர் இருந்தது. ‘மாறு செய்பவள்’ என்பது அதன் பொருள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதை ‘ஜமீலா’ என்று மாற்றினார்கள். ஆனால் பிர்அவ்னின் மனைவியாயிருந்தும் ஈமானில் உறுதியாய் நின்ற மாதரசியின் பெயரும் ஆஸியாதான். அரபியில் இவ்விரு பெயர்களுக்கும் எழுத்தே வேறு. தமிழில் எழுதினால் வேற்றுமை தெரிவதில்லை. ஆகவே, கேட்பதற்கு இனிமையாயிருக்கிறது என்று பொருளறியாமல் அரபுப் பெயரைச் சூட்டுவதும் தவறே.

பொருள் தீயதாயிருந்தாலும், அல்லாஹ் அல்லாத ஒன்றுக்கு அடிமை என்று உரைத்தாலும், பிற சமய வழிபாட்டிற்கே உரிய அடையாளமாயிருந்தாலும் அந்தப் பெயர் நமக்கு ஆகாது. இவை இல்லாதபோது ‘ஹராம்’ என்ற கனமான சொல்லை விருந்துப் பந்தியில் வீசுவதற்கு நமக்கு உரிமை இல்லை. ஹஸ்ன் என்ற பெயருடைய ஒருவரிடம், ‘கரடுமுரடு’ என்னும் பொருள்தரும் அப்பெயரை விடுத்து ‘ஸஹ்ல்’ என்று வைத்துக்கொள்ளுமாறு நாயகம் அவர்கள் அறிவுரை கூறினார்கள். தந்தை இட்ட பெயரை மாற்றமாட்டேன் என்றார் அவர். நாயகம் அவர்கள் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. பொருள் நன்றாயில்லாத பெயருக்கே அறிவுரையோடு நின்றார்கள் என்றால், நல்ல பொருளுடைய பெயருக்கு நாம் சண்டையிடலாமா?

அதற்காகப் பாட்டியாரின் கண்ணீரை நான் எளிதாகக் கருதவில்லை. பல சமயத்தார் கலந்து வாழும் நாட்டில் நம் பெயரே நம்மை அறிமுகம் செய்கிறது. தொடர்வண்டியில் எதிரே அமர்ந்திருப்பவர் நம் பெயரைக் கேட்டதும் ஸலாம் உரைக்கிறாரே, அந்த உறவைத் தன் பேத்தி இழந்துவிடுவாளோ என்பதே அவருடைய அச்சம். அது நியாயமான அச்சம். அந்தத் தந்தையும் தவறு செய்தார். பெயரின் பொருளையும் அதன் பின்னுள்ள நன்றிக்கடனையும் தம் தாயிடம் முன்னரே எடுத்துரைக்காமல், விருந்தினர் நடுவே திடீரென்று அறிவித்தார். புதுமை வேண்டும், பிறர் வைத்திராத பெயர் வேண்டும் என்பதற்காகவே பெயர் தேடும் பெற்றோரும் நம்மிடையே பெருகி வருகின்றனர். பெயரைச் சுமக்கப் போவது பெற்றோர் அல்லர், பிள்ளை என்பதை அவர்கள் மறந்துவிடலாகாது. பள்ளியில் அந்தப் பெயரைச் சொல்லி அழைக்கப்படுபவள் அவளே. மறுமையில் அழைக்கப்படுபவளும் அவளே.

என்னைக் கேட்டால், ‘பாத்திமா வேரா’ என்று அக்குழந்தைக்குப் பெயரிடலாம் என்பேன். பாட்டியார் வேண்டும் அடையாளம் அதில் இருக்கிறது. தந்தையின் நன்றியும் இருக்கிறது. இரு பெயர்களை இணைத்து வைப்பது நம் இல்லங்களுக்குப் புதிதன்று. பாட்டியார் பாத்திமா என்றே அழைத்துக்கொள்ளட்டும்.

அடுத்த முறை நீங்கள் ஓர் அகீகா விருந்திற்குச் செல்லும்போது, பழகாத பெயரொன்று காதில் விழலாம். முகம் சுளிப்பதற்கு முன்னர் “இதன் பொருள் என்ன?” என்று அன்போடு கேளுங்கள். நல்ல பொருளானால் குழந்தைக்காக துஆச் செய்யுங்கள். அன்றில்லையேல், பெற்றோரைத் தனியே அழைத்து எடுத்துச் சொல்லுங்கள். பிள்ளை பெற்ற தாய் அந்த நாளில் அழலாகாது.