புதன்கிழமைத் தேர்தல்

2018 மே 9, புதன்கிழமை. வேலை நாளில் தேர்தலா என்று நாடே முணுமுணுத்த பிறகுதான் பொது விடுமுறை தந்தார்கள். சிங்கப்பூரிலிருந்து இரவுப் பேருந்து பிடித்து வந்து, புக்கிட் மெர்தாஜாமில் வாக்களித்துவிட்டு, மறுநாளே வேலைக்குத் திரும்பிய பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

61 ஆண்டுகள் ஆண்ட தேசிய முன்னணி அன்றிரவு தோற்றது. சாப்பாட்டுக் கடையில் எங்கள் பேச்செல்லாம் ஜிஎஸ்டி போகுமா என்பதுதான். பெய்ஜிங்கின் கவலை வேறு.

ஜூலையில் கிழக்குக் கரை ரயில் திட்டம் நிறுத்தப்பட்டது. ஆகஸ்டில் பெய்ஜிங் சென்ற துன் மகாதீர், புதுவகைக் காலனித்துவம் வேண்டாம் என்று அங்கேயே சொல்லிவிட்டு வந்தார். (அந்த வயதில் அந்தத் துணிச்சல்!) 2019 ஏப்ரலில் 6,550 கோடி ரிங்கிட் திட்டம் 4,400 கோடிக்கு இறங்கியது.

பணம் மிச்சமானதைவிட, பெரிய நாட்டோடு போட்ட ஒப்பந்தத்தையும் திரும்பப் பேசலாம் என்று ஆசியா கண்டதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. 2018 நவம்பரில் மியன்மாரும் சியாவ்பியூ துறைமுகத்தின் முதற்கட்டத்தை 130 கோடி டாலருக்குச் சுருக்கியது. நம்மைப் பார்த்து மட்டும்தான் என்று சொல்லமாட்டேன். இலங்கை அதற்கு முந்திய ஆண்டுதான் ஹம்பாந்தோட்டையை 99 ஆண்டு குத்தகைக்கு விட்டிருந்தது.

இப்போது 18 வயதானால் வாக்காளர் பதிவு தானாகவே நடக்கிறது. கோலாலம்பூரில் வேலை பார்க்கும் தம்பி, தங்கைகளே, அடையாள அட்டையில் எந்த ஊர் முகவரி இருக்கிறது? வாக்கும் அங்கேதான்.